ஆர்க்டிக் கரையில் எண்ணெயும் திமிங்கலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்டிக் எண்ணெய் பற்றிப் பேச்சு எடுத்தாலே "தோண்டலாமா, கூடாதா?" என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறோம். அங்கே வாழ்பவர்களுக்கு இது ஒரே கேள்வி அல்ல. எங்கே தோண்டுவது, எந்த மாதத்தில், யாரைக் கேட்டு, சிந்தினால் யார் வந்து அள்ளுவது என்று பல கேள்விகள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அலாஸ்காவின் வடகரையைப் பற்றியவை. அரை நூற்றாண்டு அனுபவம் அங்கேதான் குவிந்திருக்கிறது. கனடாவும் நார்வேயும் இடையிடையே வரும்.

ஆர்க்டிக்கில் உண்மையிலேயே அவ்வளவு எண்ணெய் இருக்கிறதா?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2008-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெய் சுமார் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்றது. எண்ணெய், எரிவாயு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 84 சதவீதம் கடலுக்கு அடியில். இது மதிப்பீடுதான், கையில் இருக்கும் சரக்கு அல்ல.

கையில் கிடைத்த சரக்கு என்றால் அது ப்ரூடோ விரிகுடா. 1968-ல் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கிலோமீட்டர் குழாய் பதித்து 1977-ல் எண்ணெயை ஓடவிட்டார்கள். 1988-ல் ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடியது. இப்போது 5 லட்சத்துக்கும் கீழே. குழாயில் எண்ணெய் குறைந்தால் ஓட்டம் மெதுவாகும், வழியிலேயே குளிர்ந்துபோகும், மெழுகு படியும். அதனால் "புது எண்ணெய் வேண்டும்" என்று அலாஸ்கா அரசு கேட்பதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல, அந்தக் குழாயும் ஒரு காரணம்.

மோதும் நலன்கள் யார் யாருடையவை?

கம்பெனி ஒரு பக்கம், பழங்குடி மக்கள் மறுபக்கம் என்று பிரித்தால் முதல் அடியே தப்பிவிடும். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை மாநில அரசின் கடல், அதற்கு அப்பால் மத்திய அரசின் கடல். அப்பால் உள்ள எண்ணெயின் வருமானத்தில் அலாஸ்காவுக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் சிந்தினால் கறை படிவது அதே கரையில்தான். மாநில அரசு எண்ணெய் ராயல்டியில் ஒரு பகுதியை 1976 முதல் ஒரு நிரந்தர நிதியில் போட்டு வருகிறது. அதிலிருந்து 1982 முதல் அலாஸ்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பணம் போகிறது. வருமானம் வரும் வீட்டில் எதிர்ப்பது எளிதல்ல.

இவர்களோடு மீனவர்கள், சூழலியல் அமைப்புகள், பிறகு கரையிலேயே வாழும் இனுபியாட் மக்கள், உள்நாட்டில் வாழும் குவிச்சின் மக்கள். இந்தக் கடைசி இரண்டு பேரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பழங்குடி மக்கள் எண்ணெயை எதிர்க்கிறார்களா, ஆதரிக்கிறார்களா?

இரண்டும். ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில்.

1971-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அலாஸ்கா பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கையை ஒரு சட்டத்தால் தீர்த்தது: 4.4 கோடி ஏக்கர் நிலம், 96.25 கோடி டாலர் பணம், அவற்றை நிர்வகிக்கப் பூர்வகுடிகளே பங்குதாரர்களான கார்ப்பரேஷன்கள். மறு ஆண்டே வடகரை இனுபியாட் மக்கள் நார்த் ஸ்லோப் பரோ என்ற தங்கள் உள்ளாட்சியை அமைத்தார்கள். முதல் மேயர் ஈபன் ஹாப்சன். ப்ரூடோ விரிகுடாவில் நிற்கும் எண்ணெய்க் கட்டுமானங்களுக்குச் சொத்து வரி போடும் அதிகாரம் அந்த உள்ளாட்சிக்குக் கிடைத்தது. கம்பெனிகள் நீதிமன்றம் வரை போயும் அதைத் தடுக்க முடியவில்லை.

அந்த வரி என்ன செய்தது என்பதைக் கழிப்பறையிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் வீடுகளில் இருந்தது ஒரு வாளி. அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பிள்ளைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் வரி வந்த பிறகு ஊருக்கு ஊர் பள்ளி, மருந்தகம், தண்ணீர்க் குழாய், தீயணைப்பு வண்டி. ஆகவே தெற்கே உட்கார்ந்துகொண்டு "எண்ணெய் வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் நிலம் வேறு, கடல் வேறு. கடலைத் தங்கள் தோட்டம் என்பார்கள் இனுபியாட் மக்கள். நிலத்தில் தோண்டுவதை ஏற்றுக்கொண்ட பலர், கடலில் தோண்டுவதைப் பல ஆண்டுகள் உறுதியாக எதிர்த்தார்கள். காரணம், போஹெட் திமிங்கலம்.

திமிங்கலத்துக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சத்தம். கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் கப்பலுக்குப் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துச் செல்வார்கள். சில நொடிகளுக்கு ஒரு முறை அவை வெடிக்கும், நாள் கணக்கில், வாரக் கணக்கில். போஹெட் திமிங்கலம் காதால் வாழும் பிராணி. பனிக்கு அடியில் இருட்டில் வழி கண்டுபிடிப்பதும் துணையை அழைப்பதும் ஒலியால்தான். அதனால் வேட்டைக்காரர்கள் பனி விளிம்பில் காத்திருக்கும்போது பேச்சைக்கூடத் தாழ்த்திக்கொள்வார்கள். பெரிய கப்பல் வந்தால் திமிங்கலம் கரையை விட்டு விலகிப் போகும்.

விலகிப் போனால் என்ன, இன்னும் கொஞ்ச தூரம் படகில் போய்ப் பிடிக்கலாமே என்று தோன்றும். நுயிக்சுட் ஊரைப் பாருங்கள். சுமார் 500 பேர் வாழும் அந்த ஊரின் வேட்டைக்காரர்கள் ஆற்றில் இறங்கிக் கடலோரமாக 100 கிலோமீட்டருக்கு மேல் போய் கிராஸ் தீவில் முகாம் போடுவார்கள். தீவு என்றால் கடலில் நீண்ட ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். அங்கிருந்து சிறிய படகுகளில் இலையுதிர் காலக் கடலுக்குள் போவார்கள். திமிங்கலம் கிடைத்ததும் அதைக் கட்டி இழுத்து வர வேண்டும். 40, 50 டன் எடை. படகு ஊர்ந்துதான் வரும். போஹெட்டின் கொழுப்பு ஒன்றரை அடிக்கும் அதிகமான தடிமன் கொண்டது. உயிர் போன பிறகும் உள்ளே சூடு அடங்காது, அந்தச் சூட்டிலேயே இறைச்சி புளித்துப்போகும். தூரம் கூடினால் படகுக்கும் ஆபத்து, இறைச்சியும் பாழ். ஊருக்கே பங்கு போட வேண்டிய இறைச்சி அது. கிழவிக்கு ஒரு பங்கு, படகில்லாத வீட்டுக்கு ஒரு பங்கு, ஜூன் மாத நலுகட்டாக் விழாவுக்கு ஒரு பங்கு.

காற்றுத் துப்பாக்கிச் சத்தத்தால் திமிங்கலம் சில கிலோமீட்டர்தான் விலகும் என்று கம்பெனி தரப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. இல்லை, வெகு தூரம் விலகுகிறது என்றார்கள் வேட்டைக்காரர்கள். 1990-களின் பிற்பாதியில் செய்த வான்வழி ஆய்வுகள், இலையுதிர் காலத்தில் இடம்பெயரும் போஹெட்கள் ஆய்வுக் கப்பலைச் சுற்றி சுமார் 20 கிலோமீட்டருக்குள் வருவதைத் தவிர்க்கின்றன என்று காட்டின.

வேட்டைக்காரர்களின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1977-ல் நடந்ததைச் சொன்னால் புரியும். அந்த ஆண்டு சர்வதேசத் திமிங்கல ஆணையம் போஹெட் வேட்டையைத் தடை செய்தது (பிறகு அளவு வைத்து அனுமதித்தது). ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுதான் மிச்சம் என்பது அப்போதைய கணக்கு. பனி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணிய கணக்கு அது. வேட்டைக்காரர்கள் சிரிக்கவில்லை, கோபப்பட்டார்கள். "திமிங்கலம் பனிக்கு அடியிலேயே நீந்தும், மெல்லிய பனியைத் தலையால் உடைத்து மூச்சு வாங்கும், நீங்கள் பார்க்காத தொலைவிலும் போகும்" என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டில் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள்.

அப்புறம் நார்த் ஸ்லோப் பரோ விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்து, நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி எண்ண வைத்தது. பனிக்கு அடியில் போகும் திமிங்கலங்களின் குரல் கேட்டது. எண்ணிக்கை ஏறியது. 2011 கணக்கெடுப்பில் அது 16,000-ஐத் தாண்டியது. வேட்டைக்காரர்கள் சொன்னதே சரி. அந்த எண்ணிக்கைக்குச் செலவழிந்த பணம் எண்ணெய்க் கம்பெனிகள் கட்டிய வரி என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கரையில் எதுவும் கறுப்பு வெள்ளையாக இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. 2007-ல் வேட்டையாடிய ஒரு போஹெட்டின் உடலில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த வெடி ஈட்டியின் துண்டு கிடைத்தது. நூறு ஆண்டுக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே நீந்தியிருக்கிறது. 200 ஆண்டுகள் வாழக்கூடிய பிராணிக்கு 30 ஆண்டு எண்ணெய்த் திட்டம் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் செய்யும் தவறு அப்படிச் சின்னதாக இருக்காது.

இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்த உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான். 1980-களின் நடுவிலிருந்து வேட்டைக்காரர்களின் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல வேட்டை ஆணையமும் எண்ணெய்க் கம்பெனிகளும் ஆண்டுதோறும் ஓர் ஒப்பந்தம் போட்டு வருகிறார்கள். மோதல் தவிர்ப்பு ஒப்பந்தம் என்று பெயர். உள்ளே இருப்பவை எல்லாம் வேலைக்கு ஆகும் விஷயங்கள். எந்தக் கப்பல் எந்த வழியில் போகும், வேட்டைக் காலத்தில் எந்தப் பகுதியில் வேலையை நிறுத்த வேண்டும், படகுகளும் கப்பல்களும் எந்த வானொலி அலைவரிசையில் பேசிக்கொள்ளும். ஊர்க்காரர்களே உட்கார்ந்து நடத்தும் தொடர்பு மையங்களுக்குச் செலவைக் கம்பெனி ஏற்கிறது. அலாஸ்காவின் வடகரையை ஒட்டிய போஃபோர்ட் கடலில் துளையிடத் திட்டமிட்ட ஷெல் நிறுவனம், ஆகஸ்ட் 25 வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு காக்டோவிக், நுயிக்சுட் ஊர்களின் வேட்டை முடிந்த பிறகே திரும்புவதாக ஒப்புக்கொண்டது.

கம்பெனி ஏன் ஒத்துக்கொள்கிறது? நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, திமிங்கலத்துக்குத் தொந்தரவு தரக்கூடிய எந்த வேலைக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். உள்ளூர் மக்களின் உணவு வேட்டைக்குச் சரிசெய்ய முடியாத பாதிப்பு வராது என்று தெரிந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். வேட்டைக்காரர்களோடு கையெழுத்திட்ட காகிதம் கையில் இருந்தால் அதைக் காட்டுவது எளிது. ஒப்பந்தம் விருப்பத்தின் பேரில் போடுவதுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. அது நிற்காவிட்டால் இந்த மேசைக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

எண்ணெய் சிந்தினால் என்ன ஆகும்?

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவின் தென்கரையில் பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் கரையை நாசமாக்கியது. அது பனி மூடாத கடல். துறைமுகம் பக்கத்தில். சாலை இருந்தது, விமானம் இருந்தது. அப்படியிருந்தும் சிந்தியதில் சிறு பகுதியைத்தான் அள்ள முடிந்தது.

இப்போது அதையே அலாஸ்காவுக்கு வடமேற்கே உள்ள சுக்சி கடலில் வைத்துப் பாருங்கள். ஆழமான துறைமுகம் பக்கத்தில் கிடையாது. கடலோரக் காவல் படையின் நிரந்தர விமானத் தளம் 1,400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோடியாக் தீவில். உடைந்த பனிக்கட்டிகளுக்கு நடுவில் எண்ணெய் கலந்துவிட்டால் மிதவைத் தடுப்பு வேலைசெய்யாது, பனி அதைத் தள்ளிக் கிழித்துவிடும். அக்டோபரில் பனி மூடினால் எண்ணெய் பனிக்கு அடியில் சிக்கி, அடுத்த கோடை வரை பனியோடு நகரும். இதை மனதில் வைத்துத்தான் 2016-ல் அமெரிக்க அரசு ஒரு விதி போட்டது: ஆர்க்டிக் கடலில் சோதனைக் கிணறு தோண்டுபவர், கிணறு கட்டுப்பாட்டை இழந்தால் அதே பருவத்துக்குள் மாற்றுக் கிணறு தோண்டி அடைக்க இன்னொரு துளையிடும் மேடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

எக்ஸான் வால்டீஸுக்குப் பிறகு 1990-ல் வந்த சட்டம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. பாதிக்கப்பட்ட பகுதியின் மீனவர்கள், ஊர்கள், பூர்வகுடிகள் உட்கார்ந்து எண்ணெய்க் கப்பல்களைக் கண்காணிக்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழு. செலவு எண்ணெய்த் தொழிலுடையது, வேலையோ அந்தத் தொழிலைக் கேள்வி கேட்பது. தென்கரையில் இரண்டு இடங்களில் அது இருக்கிறது. வடகரைக்கு அந்தச் சட்டம் அப்படி ஒன்றைத் தரவில்லை. தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஷெல் நிறுவனம் சுக்சி கடலை விட்டு ஏன் வெளியேறியது?

2008-ல் 210 கோடி டாலர் கொடுத்துக் குத்தகை எடுத்தது. பாயின்ட் ஹோப் ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். குத்தகை ஏலத்துக்கு முன் அரசு செய்த சூழல் பாதிப்புக் கணக்கு அரைகுறை என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. திரும்பச் செய்த ஆய்வில் அரசே ஒப்புக்கொண்டது: 77 ஆண்டுத் திட்டக் காலத்தில் 1,000 பீப்பாய்க்கு மேற்பட்ட கசிவு ஒன்றாவது நடக்க 75 சதவீத வாய்ப்பு. ஏலம் முடிந்து, பணம் கைமாறி ஆறேழு ஆண்டு கழித்துத்தான் இந்த எண் வெளியே வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

இடையில் 2012 டிசம்பர் கடைசியில் குல்லுக் என்ற துளையிடும் மேடையைக் குளிர்காலப் புயலில் இழுத்துப் போனபோது கயிறு அறுந்து, கோடியாக் அருகே அது கரைதட்டியது. 2015-ல் ஒரே ஒரு கிணறு தோண்டி முடித்தார்கள். எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லை. செப்டம்பர் 28 அன்று விலகுவதாக அறிவித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 700 கோடி டாலர்.

கடலோர ஊர்களுக்குச் சட்டப்படி என்ன குரல் இருக்கிறது?

முன்பு நல்ல குரல் இருந்தது. அமெரிக்காவில் 1972-ல் வந்த கடலோர மேலாண்மைச் சட்டத்தின்படி, ஒரு மாநிலம் தனக்கெனக் கடலோரத் திட்டம் வைத்திருந்தால், மத்திய அரசு தன் கடலில் கொடுக்கும் அனுமதிகளும் அந்தத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். அலாஸ்கா அப்படி ஒரு திட்டம் வைத்திருந்தது. நார்த் ஸ்லோப் பரோ போன்ற உள்ளாட்சிகள் அதன் வழியாக, தங்கள் எல்லைக்கு அப்பால் நடக்கும் எண்ணெய் வேலைக்கும் நிபந்தனை கேட்க முடிந்தது.

2011-ல் அந்தத் திட்டத்தின் காலம் முடிந்தது. உள்ளூர்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் மாநிலச் சட்டமன்றம் உடன்பாட்டுக்கு வரவில்லை, திட்டம் காலாவதியானது. 2012-ல் மக்கள் வாக்கெடுப்பில் அதை மீட்கப் பார்த்தார்கள், தோற்றது. நாட்டிலேயே நீளமான கடற்கரை உள்ள மாநிலம் இப்போது கடலோரத் திட்டமே இல்லாமல் இருக்கிறது. பெரிய நீதிமன்ற வழக்குகள் தலைப்புச் செய்தியாகும்போது இது யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் கையிலிருந்து நழுவியவற்றில் இதைப் போல் பெரியது வேறொன்றும் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்துகிறார்களே, போதாதா?

எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கனடாவின் பாஃபின் தீவில் கிளைட் ரிவர் என்ற இனுயிட் ஊர். அதன் அருகே கடலில் ஐந்தாண்டு காற்றுத் துப்பாக்கி ஆய்வுக்குக் கம்பெனிகள் அனுமதி கேட்டன. ஊர்க்காரர்கள் கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை. பிறகு பதில் என்று கிட்டத்தட்ட 4,000 பக்க ஆவணம் வந்தது. அந்த ஊர் இணைய வேகத்தில் அதை இறக்குவதே பெரும்பாடு. அவர்கள் மொழியான இனுக்டிடூட்டில் அதன் சிறு பகுதிதான் இருந்தது. 2017-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த அனுமதியை ரத்து செய்தது. கேட்பது என்றால் கடமைக்குக் கேட்பது அல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

சரி, ஒழுங்காகக் கேட்டது யார்? அதுவும் கனடாதான். மெக்கன்சி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் போடலாமா என்று ஆராய 1974-ல் நீதிபதி தாமஸ் பெர்கர் நியமிக்கப்பட்டார். தலைநகரில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. 35 ஊர்களுக்குப் போய், சமூகக் கூடங்களில் உட்கார்ந்து, சுமார் ஆயிரம் பேர் சொன்னதைக் கேட்டார். அவரவர் மொழியில் பேசினார்கள், வானொலியில் அந்தந்த மொழியிலேயே ஒலிபரப்பானது. நில உரிமைக் கோரிக்கைகள் தீரும்வரை 10 ஆண்டு பொறுங்கள், வட யூகான் கரையில் குழாயே வேண்டாம் என்று 1977-ல் சொன்னார். அந்தக் குழாய் இன்றுவரை வரவில்லை.

நார்வே எப்படிச் சமாளிக்கிறது?

கடலை மண்டலங்களாகப் பிரித்து. 2006 முதல் தன் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலுக்கு மீன்பிடி, கப்பல், எண்ணெய் மூன்றையும் சேர்த்த ஒரே திட்டம் வைத்திருக்கிறார்கள். காட் மீன் முட்டையிடும் லோஃபோடன் கடலை இன்னும் எண்ணெய்க்குத் திறக்கவில்லை. பனி விளிம்புக்கு அருகே தோண்டக் கூடாது என்பது கொள்கை. பனி விளிம்பு எது என்பதில்தான் சண்டை. 2020-ல் நாடாளுமன்றம், ஏப்ரல் மாதத்தில் பனி இருக்க 15 சதவீத வாய்ப்புள்ள கோடு என்று முடிவு செய்தது. விஞ்ஞானிகளில் பலர் இன்னும் தெற்கே வரச் சொன்னார்கள். வரைபடத்தில் ஒரு கோட்டை எங்கே இழுப்பது என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று பாருங்கள்.

குவிச்சின் மக்களுக்கும் இனுபியாட் மக்களுக்கும் ஏன் கருத்து வேறுபாடு?

ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளி, சுமார் 15 லட்சம் ஏக்கர். அங்கே போர்க்குப்பைன் காரிபு மான் கூட்டம் வந்து குட்டி போடும். உள்நாட்டு குவிச்சின் மக்களின் வாழ்க்கை அந்த மானை நம்பியது. உயிர் தொடங்கும் புனித இடம் என்பார்கள் அதை. மான் குட்டி போடும் இடத்துக்கு அவர்கள் காலடி வைப்பதுகூட இல்லை. ஆனால் அந்தச் சமவெளிக்குள்ளேயே இருக்கும் ஒரே ஊர் காக்டோவிக், இனுபியாட் ஊர். எங்கள் வாசலில் என்ன நடக்கலாம் என்பதை வெளியாட்கள் முடிவு செய்யக் கூடாது என்று அங்குள்ள தலைவர்கள் பலர் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் நியாயமே. எனக்கு குவிச்சின் பக்கம் மனம் சாய்கிறது. பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் வேறு வழியில் பணம் தேடலாம், அந்தக் கூட்டம் குட்டி போட வேறு இடத்தைத் தேடித் தர நம்மால் ஆகாது.

இப்போது நிலைமை என்ன?

புகலிடத்தில் 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய கம்பெனி எதுவும் வரவில்லை. கிடைத்தது 1.44 கோடி டாலர், அதிலும் பெரும்பாலான குத்தகையை எடுத்தது அலாஸ்கா மாநிலத்தின் சொந்த வளர்ச்சி நிறுவனமே. 2025 ஜனவரியில் நடக்கவிருந்த இரண்டாவது ஏலத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் 10 ஆண்டுக்குள் மேலும் 4 ஏலம் நடத்தச் சொல்கிறது.

மேற்கே, தேசிய எண்ணெய் இருப்புப் பகுதியில், கொனோகோபிலிப்ஸ் நிறுவனத்தின் வில்லோ திட்டத்துக்கு 2023 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. கேட்டது 5 துளையிடும் தளம், கிடைத்தது 3. சுமார் 60 கோடி பீப்பாய் எண்ணெய். நார்த் ஸ்லோப் பரோ ஆதரித்தது, வடகரைப் பூர்வகுடிகளின் கார்ப்பரேஷன் ஆதரித்தது. மிக அருகில் இருக்கும் நுயிக்சுட்டின் அப்போதைய மேயர் எதிர்த்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள ஆல்பைன் எண்ணெய் வயலில் 2022 மார்ச்சில் எரிவாயு கசிந்தபோது பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. நிலத்தில் நடக்கும் திட்டம் என்பதால் இங்கே காரிபு மான்தான் பேச்சு. அந்த ஊரின் வேட்டைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் வழக்கம்போல் ஆற்றில் இறங்கி கிராஸ் தீவுக்குப் போகிறார்கள், கடலில் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க.